நீல நெருப்பை ஆற்றிய `புரொஃபசர்' ஜெர்ரி தாமஸ்!

இன்ஸ்டாவைத் திறந்தால் எப்படியும் ஒரு ரீல் வந்துடும். இருட்டான பார், கவுன்டருக்குப் பின்னால் ஓர் ஆள், கிளாஸிலிருந்து எழும்பும் தீ. சுற்றி நிற்பவர்கள் எல்லாம் மொபைலைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். நீங்களும் ரெண்டு தடவை பார்த்துட்டு ஸ்க்ரோல் பண்ணிப் போயிருப்பீங்க. இந்த வித்தைக்கு வயசு 160-க்கு மேல. இதைப் பிரபலமாக்கியவர் பெயர் ஜெர்ரி தாமஸ். (குடிக்கச் சொல்ற கட்டுரை இல்ல பாஸ் இது. குடி கேடுதான். ஆனா, ஆள் சுவாரஸ்யமானவர்.)

1830-ல், அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில், ஒன்டாரியோ ஏரிக்கரையிலுள்ள சாக்கெட்ஸ் ஹார்பரில் பிறந்தார். நியூ ஹேவனில் பார் வேலை பழகினார். 1849-ல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைக்குதுன்னு ஊரே மூட்டை கட்டியபோது, இவர் கப்பலில் மாலுமியாக ஏறிப் போய்ச் சேர்ந்தார். தங்கமும் தேடினார், பாரிலும் நின்றார், நாடகக் குழுகூட நடத்தினார். 1851-ல் நியூயார்க் திரும்பி, பார்னம் மியூசியத்துக்குக் கீழேயே ஒரு சலூன் திறந்தார். பிறகு செயின்ட் லூயிஸ், சிகாகோ, நியூ ஆர்லியன்ஸ் என்று ஊர் ஊராகப் பயணம். சுத்த வெள்ளியில் செய்து ரத்தினக் கற்கள் பதித்த பார் சாமான்களைக் கையோடு எடுத்துக்கிட்டு 1859 வாக்கில் ஐரோப்பாவையும் சுற்றி வந்தார். மக்கள் வைத்த பட்டப்பெயர்தான் `புரொஃபசர்'.

அவருக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது `ப்ளூ பிளேஸர்'. சான் ஃபிரான்சிஸ்கோவின் எல் டொராடோ சூதாட்ட விடுதியில், ஒரு சுரங்கத் தொழிலாளி `உள்ள இறங்கினா நரக நெருப்பு மாதிரி இருக்கணும்' என்று கேட்க, அப்போது பிறந்ததுதான் இந்தப் பானம்னு ஒரு கதை உண்டு. பின்னாடி யாரோ ஜோடிச்ச கதை மாதிரிதான் எனக்குத் தெரியுது. ஆனா, செய்முறை கதை இல்லை. 1862-ல் வெளியான அவர் புத்தகத்திலேயே அச்சாகியிருக்கு.

பொருள்கள் ரொம்ப சிம்பிள். ஸ்காட்ச் விஸ்கி, அதே அளவு கொதிக்கும் தண்ணீர், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் எலுமிச்சைத் தோல். கைப்பிடி வைத்த, வெள்ளி முலாம் பூசிய ரெண்டு பெரிய குவளைகள். விஸ்கியையும் வெந்நீரையும் ஒரு குவளையில் சேர்த்துப் பற்ற வைத்து, எரிய எரிய நாலஞ்சு தடவை இதிலிருந்து அதுக்கு மாற்றி ஊற்றணும். நம்ம டீக்கடை மாஸ்டர் டீ ஆத்துறாரே, அதே ஆத்தல்தான். நடுவில் வருவது டீக்குப் பதிலா நெருப்பு, அவ்வளவுதான். கையை அகல விரித்து, நெருப்பு வில்லாக வளைய அவர் ஊற்றும் படம் இன்றைக்கும் நெட்டில் கிடைக்கும், தேடிப் பாருங்க.

`தண்ணி ஊத்தினா எப்படிங்க எரியும்?' என்று உங்களுக்குத் தோணும். எரிவது திரவம் இல்லை, அதிலிருந்து எழும்பும் ஆல்கஹால் ஆவி. 40 சதவிகித விஸ்கியை ஜில்லென்று வைத்துத் தீக்குச்சி காட்டினால் பெரும்பாலும் பற்றாது. சுடவைத்தால் ஆவி கிளம்பும், பற்றும். அந்த வேலையைத்தான் கொதிக்கும் தண்ணீர் செய்கிறது. அதாவது, அவர் எரிபொருளின் வீரியத்தை நம்பவில்லை, சூட்டை நம்பினார். இன்றைக்கு இதைச் செய்பவர்கள் பீப்பாயிலிருந்து நீர் கலக்காமல் வரும் விஸ்கியைத் தேடுகிறார்கள். 75 சதவிகித ரம் என்றால் இன்னும் சுலபமாகப் பிடிக்கும். அதிலேதான் ஆபத்தும். எரியும் கிளாஸ் மேல் பாட்டிலைச் சாய்த்தால், தீ பாட்டிலுக்குள் ஏறி எதிரே நிற்பவர் மேல் பீறிட்டு அடிக்கும். அப்படி வெந்துபோனவர்கள் நிறையப் பேர். தாமஸ் பாட்டிலை நெருப்புக்குப் பக்கத்திலேயே கொண்டுவரவில்லை. கண்ணாடி சூட்டில் விரிசல் விடும் என்பதால் உலோகக் குவளை. ஆல்கஹால் தீ நீலமாக, வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் இதுக்கு மங்கலான இடம் வேணும்.

எலுமிச்சைத் தோல் விஷயமும் கவனிக்க வேண்டியது. அதிலுள்ள எண்ணெய் சட்டென்று தீப்பிடிக்கும். தீயின் பக்கம் பிழிந்தால் பொறி பறக்கும். இப்போதைய பார்களில் அதையே ஷோவாகக் காட்டுவார்கள், மேலே பட்டைப் பொடியும் தூவுவார்கள். தாமஸின் செய்முறையிலோ தோலுக்கு எரிகிற வேலையே இல்லை. ஊற்றி முடித்து, சர்க்கரை சேர்த்து, சின்ன டம்ளரில் பரிமாறும்போதுதான் தோல் உள்ளே போகும், வாசனைக்காக. புதுசா பழகுறவங்க கையைச் சுட்டுக்காம இருக்கணும், கொஞ்ச நாள் பச்சைத் தண்ணீரை வைத்துத்தான் ஊற்றிப் பழகணும் என்றும் எழுதிவைத்திருக்கிறார். ரீல்ஸில் இந்த வரியை யாரும் சொல்றதில்லை.

எனக்கு அந்த நெருப்பைவிடப் பெரிய விஷயம் அந்தப் புத்தகம்தான். அந்தக் காலத்தில் பார் வேலை என்பது ஒருத்தர் கையைப் பார்த்து இன்னொருத்தர் பழகும் தொழில். தெரிந்ததைப் பொத்திவைத்தால்தான் பிழைப்பு. இவர் என்னடான்னா அத்தனையையும் அச்சில் போட்டு யார் வேணும்னாலும் செய்யட்டும் என்று விட்டுவிட்டார். அமெரிக்காவில் வெளியான முதல் பார் கையேடு அதுதான்.

அப்புறம் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆக்ஸிடென்டல் ஹோட்டலில் கொஞ்ச காலம். பிறகு நியூயார்க் பிராட்வேயில் சொந்த பார். சுவரெல்லாம் தாமஸ் நாஸ்ட் வரைந்த கேலிச்சித்திரங்கள். நாஸ்ட் யாருன்னா, இன்றைக்கு நாம் பார்க்கும் தொந்தியும் தாடியுமான சான்டா கிளாஸ் உருவத்தைப் பிரபலமாக்கியவர். ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் அங்கே வந்து போனார்கள்.

கொதிக்கும் குவளையில் நிதானம் தவறாதவர், வால் ஸ்ட்ரீட்டில் தவறினார். கடன் வைத்துப் பங்கு வாங்கி விற்றதில் கைப்பணம் கரைந்தது. பார் கைமாறியது, ஓவியங்களும் ஏலத்துக்குப் போயின. மறுபடி எழுந்து நிற்கப் பார்த்தார், பழைய கூட்டம் திரும்பவில்லை. 1885 டிசம்பரில், 55 வயதில் நியூயார்க்கில் இறந்தார். பிராங்ஸ் பகுதியிலுள்ள வுட்லான் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

அவர் இறந்து ரெண்டு வருஷம் கழித்து, 1887-ல் புத்தகத்தின் அடுத்த பதிப்பு வந்தது. ப்ளூ பிளேஸர் அதிலும் இருக்கு.