நடிகர் ஹம்ப்ரி போகார்ட்

திரைப்படங்களிற் கள்வராகவும் கொலைஞராகவும் தோன்றிப் பெயர் பெற்ற ஒருவரது வரலாற்றைக் கல்லூரி மலரில் வரைதல் தகுமோ என்று சிலர் ஐயுறலாம். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்திய இரவில், விடுதித் தோழருடன் இவர் நடித்த நகைச்சுவைப் படமொன்றைக் காணும் வரையில் எமக்கும் அவ்வையம் இருந்தது. அப்படம் அமைந்த வரலாற்றை அறிந்த பின்னர் அஃது அகன்றது.

ஹம்ப்ரி போகார்ட் 1899-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25-ஆம் நாள் நியூயார்க் நகரிற் பிறந்தார். தந்தையார் அறுவை மருத்துவர். தாயார் மாட் ஹம்ப்ரி பெயர் பெற்ற ஓவியர். கிறிஸ்து பிறந்த நாளிலேயே பிறந்தமையால், தமக்கெனத் தனியே ஒரு பிறந்தநாள் வாய்த்திலதே என்று இவர் குறைபட்டுக்கொள்வதுண்டாம். செல்வக் குடியிற் பிறந்தும் கல்வியில் இவர் மனம் பற்றவில்லை. பிலிப்ஸ் அகாடமி என்னும் புகழ் வாய்ந்த பள்ளியினின்றும் 1918-ல் நீக்கப்பெற்றார், கடற்படையிற் சேர்ந்தார், அதனின்றும் மீண்டு நாடகமேடையை அடைந்தார். ஆண்டும் பல்லாண்டுகள் சிறு வேடங்களே கிடைத்தன. முப்பத்தைந்து அகவை எய்தியும் இவரை உலகம் அறிந்திலது.

1935-ஆம் ஆண்டில் ‘தி பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட்’ என்னும் நாடகம் நியூயார்க்கில் அரங்கேறிற்று. தலைமை வேடம் பூண்டவர் லெஸ்லி ஹோவர்ட் என்னும் ஆங்கில நடிகர். டியூக் மாண்டி என்னும் கொடுங்கொலைஞனாக நடித்தவர் போகார்ட். நாடகம் பெரிதும் போற்றப்பட்டது. அதனைப் படமாக்க முற்பட்ட வார்னர் நிலையத்தார், கொலைஞன் வேடத்தை எட்வர்டு ஜி. ராபின்சன் என்னும் புகழ் மிக்க நடிகருக்கு அளிக்கக் கருதினர். போகார்ட் செய்வதறியாது, அப்பொழுது ஸ்காட்லாந்திலிருந்த ஹோவர்டுக்குத் தந்தி அடித்தார். போகார்ட் இல்லையேல் தாமும் இல்லை என்று ஹோவர்ட் நிலையத்தாருக்கு அறிவித்துவிட்டார். இதனால் அவருக்கு ஆகும் ஊதியம் யாதுமில்லை. முரண்பட்டால் தம் வேடத்தையே இழக்கவும் நேரும். நிலையத்தார் இணங்கினர். 1936-ல் வெளிவந்த அப்படமே போகார்டை நாடறியச் செய்தது.

அதன்பின் ஐந்தாண்டுகள் இவர் திரையிற் சுடுவதும் சுடப்பட்டு வீழ்வதுமாகவே கழிந்தன. 1941-ல் வந்த ‘ஹை சியரா’ படத்தில் மாற்றம் காண்கிறோம். சிறை மீண்ட கள்வன் ஒருவன், கால் ஊனமுற்ற ஏழைப் பெண்ணின் சிகிச்சைக்குப் பொருள் தருகின்றான். மறு ஆண்டு மைக்கேல் கர்டிஸ் இயக்கிய ‘காஸாபிளாங்கா’வில், தான் காதலித்தவளை அவள் கணவனுடன் விமானமேற்றி அனுப்புகின்றான் ரிக். கொடுமையை நன்கு பயின்ற முகமாதலின், அதிற் கனிவு தோன்றுங்கால் நாம் நம்பிவிடுகின்றோம். ‘தி ஆஃப்ரிகன் குவீன்’ படத்துக்காக 1952-ல் ஆஸ்கர் பரிசும் பெற்றார்.

ஹோவர்ட் 1943-ல் வானூர்தியிற் செல்லுங்கால் ஜெர்மானியராற் சுட்டு வீழ்த்தப்பட்டு மாண்டார். 1952-ல் போகார்டுக்கும் அவர் மனைவி லாரன் பகாலுக்கும் மகவொன்று பிறந்தது. அப்பெண்மகவுக்கு ஆண்மகன் பெயராயினும் லெஸ்லி ஹோவர்ட் என்றே பெயரிட்டனர்.

இனி, யாம் கண்ட படத்துக்கு வருவோம். ‘வீ ஆர் நோ ஏஞ்சல்ஸ்’ என்னும் அது 1955-ல் வெளிவந்தது. இயக்கியவர் அக்கர்டிஸே. அதில் வணிகர் மனைவியாக வரும் ஜோன் பென்னெட் முன்னர்ப் பெருநடிகை. 1951-ல் அவர் கணவர் பொறாமையால் ஒருவரைச் சுட்டுச் சிறை சென்றார், பழியோ மனைவியைச் சூழ்ந்தது, படநிலையத்தார் கதவடைத்தனர். அவரையே அவ்வேடத்துக்குக் கொள்ளல் வேண்டுமென்று வற்புறுத்தியவர் போகார்ட்! பத்தொன்பது ஆண்டுகட்கு முன் ஹோவர்ட் தமக்குச் செய்ததை அவர் நினைந்திருத்தல் கூடும் என்பது எம் கருத்து.

கதை பிரெஞ்சு கயானாவில் நிகழ்வது. டெவில்ஸ் தீவுச் சிறையினின்றும் தப்பிய மூவர், கிறிஸ்துமஸ் முன்னாள் வணிகர் ஒருவர் கடைக்கு வருகின்றனர். கூரை செப்பனிடுவதாகச் சொல்லி மேலேறுகின்றனர். இரவில் வீட்டாரைக் கொன்று பொருளைக் கவர்வது அவர் எண்ணம். கூரை மேலிருந்தே குடும்பத்தின் துயரெல்லாம் அவர் செவிப்படுகின்றது. கொல்ல வந்தவர் திருநாள் விருந்து சமைக்கின்றனர். போகார்ட் ஏற்ற வேடம் பொய்க்கணக்கெழுதுவதில் வல்ல ஜோசப். அக்கலையையே வணிகரைக் காக்கப் பயன்படுத்துகின்றான். அக்குடும்பத்தை வருத்தவந்த உறவினர் இருவரையோ மூவர் வளர்க்கும் பாம்பு கடித்து மாய்க்கின்றது. பாம்பை நீதிபதியாக்குதல் அறநூலோர்க்கு ஒவ்வாது. எமக்கும் முற்றும் ஒவ்வவில்லை. எனினும் விடுதியே குலுங்க நகைத்தோம். ஈற்றில் மூவரும் தாமே சிறைக்கு மீளுங்கால், தலைக்குமேல் ஒளிவட்டம் தோன்றுகின்றது. பாம்பின் கூண்டுக்கும் ஒன்று.

படம் வெளிவந்த சில திங்களில் போகார்டுக்கு உணவுக்குழலிற் புற்று என்று மருத்துவர் கண்டனர். அறுவைச் சிகிச்சை பயன் தரவில்லை. 1957-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 14-ஆம் நாள் தம் ஐம்பத்தேழாம் அகவையில் உயிர் நீத்தார். மகள் லெஸ்லிக்கு அப்பொழுது வயது நான்கு.