எண்ணெயைக் கட்டியாக்கிய மனிதர்: வில்ஹெல்ம் நோர்மன்

திரவ எண்ணெயைக் கட்டிக் கொழுப்பாக மாற்ற முடியும் என்று காட்டியவர் ஜேர்மனிய வேதியியலாளர் வில்ஹெல்ம் நோர்மன். பாணுக்குப் பூசும் மாஜரின் முதல் பேக்கரிக் கேக், பிஸ்கட் வரை, உலகின் சமையலறைகளை மாற்றிய கண்டுபிடிப்பு அது. பின்னாளில் பலரது இதயத்தைப் பாதித்ததும் அதுதான்.

1870இல் பீற்றர்ஸ்ஹாகன் என்ற சிற்றூரில், ஒரு பாடசாலை அதிபரின் மகனாகப் பிறந்தார். படிப்பு முடிந்ததும் ஹெர்போர்ட் நகரில் உறவினரின் எண்ணெய்த் தொழிற்சாலையில் சேர்ந்தார். பிறகு வேதியியல் கற்று, 1900இல் கலாநிதிப் பட்டம் பெற்று, 1901இல் அதே தொழிற்சாலையின் ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பானார்.

அன்று சவர்க்காரத்துக்கும் மெழுகுதிரிக்கும் மாஜரினுக்கும் கட்டிக் கொழுப்பு தேவைப்பட்டது. மாட்டுக் கொழுப்பு போதவில்லை. திரவ எண்ணெயோ தாராளமாகக் கிடைத்தது. பிரான்சின் துலூஸ் நகரில் போல் சபாட்டியே, நிக்கல் தூளின் உதவியுடன் ஆவிகளில் ஐதரசனைச் சேர்த்துக் காட்டியிருந்தார். ஆனால் கொழுப்பை ஆவியாக்கப் போனால் அது சிதைந்துவிடும். நோர்மன் திரவத்திலேயே முயன்றார். சூடான ஒலெயிக் அமிலத்தில் நிக்கல் தூளைக் கலந்து ஐதரசனைச் செலுத்தினார். திரவம் கட்டியானது. 1902இல் காப்புரிமை பெற்றார்.

ஆனால் அந்த வெற்றி தொழிற்சாலைக்குப் போக ஏழு ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. ஐதரசன் எண்ணெயில் மிகக் குறைவாகவே கரையும். குமிழியிலிருந்து எண்ணெய்க்குள் கரைந்து, அங்கிருந்து நிக்கலின் மேற்பரப்பை அடைந்தால்தான் வேலை நடக்கும். சிறு குடுவையில் இது எளிது. பல தொன் எண்ணெய் கொண்ட தாங்கியிலோ குமிழிகள் ஒன்றுசேர்ந்து பெருத்து மேலே ஓடிவிடும். தாங்கியின் விட்டத்தையும் உயரத்தையும் இரண்டு மடங்காக்கினால் எண்ணெய் எட்டு மடங்காகும். வெப்பம் வெளியேறும் சுவரோ நான்கு மடங்குதான். எனவே வலுவான கலக்கியும் அமுக்கமும் குளிர்விக்கும் குழாய்களும் வேண்டும்.

இங்கிலாந்தின் வொரிங்டனில் குரொஸ்ஃபீல்ட் நிறுவனம் காப்புரிமையை வாங்கியது. 1909 இலையுதிர் காலத்தில் பெரிய அளவில் உற்பத்தி தொடங்கியது. முதல் ஆண்டில் ஏறத்தாழ 3,000 தொன். 1911இல் அமெரிக்காவில் பருத்திவிதை எண்ணெயிலிருந்து ‘கிறிஸ்கோ’ வந்தது. நாற்றமடித்த திமிங்கில எண்ணெயும் உண்ணும் கொழுப்பானது. திமிங்கில வேட்டை பெருகியது.

அதே 1911இல் நோர்மன் எமெரிக் நகர எண்ணெய் ஆலையின் விஞ்ஞானப் பணிப்பாளரானார். 1914இல் போர் மூண்டது. பிரித்தானியக் கடற்படையின் முற்றுகையால் ஜேர்மனியில் கொழுப்புக்குக் கடும் தட்டுப்பாடு. போத்தலின் அடியில் எஞ்சிய எண்ணெயை அளந்து சமைத்த நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொழுப்பிலிருந்து எடுத்த கிளிசரின் வெடிமருந்துக்கும் போனது.

1922இல் கெம்னிட்ஸ் நகரின் நிறுவனமொன்றில் சேர்ந்த நோர்மன், 1939 மே 1 அன்று அங்கேயே காலமானார். நான்கு மாதங்களில் அடுத்த பெரும்போர் தொடங்கியது.

அந்தத் தாங்கிக்குள் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. நிக்கலின் மேற்பரப்பில் ஐதரசன் போதாதபோது, சில மூலக்கூறுகள் பாதி வழியில் திரும்பி, வடிவம் மாறி வெளியேறும். அதுவே ட்ரான்ஸ் கொழுப்பு. அது கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் ஏற்ற பதத்தைத் தந்ததால் தொழிற்சாலைகள் அதைக் குறையாகவே கருதவில்லை. அது கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டுகிறது என்று 1990இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினர். தொழிற்சாலை ட்ரான்ஸ் கொழுப்பை 2023க்குள் ஒழிக்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2018இல் நாடுகளைக் கேட்டது.

முழுமையாக ஐதரசனேற்றிய எண்ணெயில் ட்ரான்ஸ் கொழுப்பு மிகக் குறைவு. ஆபத்து பாதியில் நிறுத்தியதில்தான். அடுத்த முறை கடையில் பிஸ்கட் வாங்கும்போது பொதியின் பின்புறத்தைப் பாருங்கள். பகுதியளவில் ஐதரசனேற்றப்பட்ட எண்ணெய் என்று இருந்தால், அதைத் திரும்ப வைத்துவிடலாம்.