பாதம் காத்த மருத்துவர் பால் பிராண்ட்

ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று நம் ஆலயத்தில் பங்குத்தந்தை பன்னிருவரின் பாதங்களைக் கழுவித் துடைக்கிறார். இயேசு பெருமான் தம் சீடருக்குச் செய்த பணிவிடையை நினைவூட்டும் அச்சடங்கை நாம் பக்தியோடு காண்கிறோம். சிறிது நேரத்தில் அது முடிந்து விடுகிறது. ஆனால் பிறருடைய பாதங்களைப் பேணுவதையே வாழ்நாள் தொண்டாகக் கொண்ட ஒருவர் நம் திமிரிக்கு அருகிலுள்ள வேலூரில் வாழ்ந்தார். அவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்தவர் அல்லர்; ஆயினும் கிறிஸ்துவின் அன்பைச் செயலில் காட்டியவர். அவரே டாக்டர் பால் பிராண்ட்.

1914ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17ஆம் நாள் கொல்லிமலையில் அவர் பிறந்தார். தந்தை ஜெஸ்ஸி பிராண்டும் தாய் ஈவ்லினும் இங்கிலாந்திலிருந்து வந்து மலைவாழ் மக்களிடையே பணி செய்தவர்கள். ஒரு நாள் தொழுநோயாளர் மூவர் அவர்கள் வீட்டை நாடி வந்தனர். பிள்ளைகளை வீட்டினுள் இருக்கச் சொல்லிவிட்டு, தந்தை கையுறை அணிந்து, அம்மூவரின் புண்பட்ட பாதங்களைக் கழுவி, மருந்திட்டுக் கட்டினார். ஒளிந்து நின்று அதைப் பார்த்த சிறுவனின் உள்ளத்தில் அச்சமே மிஞ்சியது. சீழும் இரத்தமும் கண்டு மனம் வெறுத்த அவன், மருத்துவனாவதில்லை என்று முடிவு செய்துகொண்டான்.

ஒன்பதாம் வயதில் படிப்புக்காக அவர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929இல் தந்தை மலைக்காய்ச்சலால் கொல்லிமலையிலேயே இறந்தார் என்ற செய்தி அவரை அங்கே எட்டியது. படிப்பு முடித்தபின் அவர் கற்றது தச்சுத் தொழிலும் கட்டடத் தொழிலுமே. தந்தையைப் போல மலைநாட்டில் வீடுகளும் பள்ளிகளும் கட்டலாம் என்பது அவர் எண்ணம். அதற்குத் துணையாகச் சிறிது மருத்துவம் பயிலச் சென்றபோது, இரத்தமிழந்து சாகும் நிலையிலிருந்த ஒரு பெண், பிறர் தந்த இரத்தம் ஏற்றப்பட்டு உயிர் மீண்டதை நேரில் கண்டார். அன்றே அவர் மனம் மாறியது. இலண்டனில் முறையாக மருத்துவம் பயின்று அறுவை மருத்துவரானார். உடன் பயின்ற மார்கரெட் அம்மையாரை 1943இல் மணந்தார்.

1946இல் அவர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். மறு ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்வையிடச் சென்றார். அங்கே மடங்கி விறைத்த விரல்களைக் கண்டு, இவற்றை ஏன் யாரும் சீர்செய்யவில்லை என்று வினவினார். எலும்பும் தசையும் அறிந்த அறுவை மருத்துவர் எவரும் அந்நோயை ஆராயவே இல்லை என்பது தெரிந்தது. ஒரு நோயாளியின் கையைப் பற்றித் தம் கையை இறுக்கச் சொன்னார். பிடியின் வலிமை அவரைத் துடிக்கச் செய்தது! செயலற்றதாகக் கருதப்பட்ட அக்கையில் நல்ல தசைகள் இன்னும் இருந்தன. அத்தசைகளின் நார்களை இடம் மாற்றித் தைத்தால் விரல்கள் மீண்டும் அசையும் என்று அவர் உணர்ந்தார். 1948 முதல் அத்தகைய அறுவைகள் வேலூரில் நடந்தன. மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

ஆனால் நிமிர்ந்த விரல்களிலும் பாதங்களிலும் மீண்டும் மீண்டும் புண்கள் தோன்றின. தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, அது ஆறாது என்றே அக்கால மருத்துவர் பலரும் நம்பினர். பிராண்ட் அதை ஏற்கவில்லை. ஒரு முறை துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் அவர் நின்றபோது, ஒரு சிறுவன் வந்து சாவியைத் திருகித் திறந்து விட்டான். அவன் விரல் எலும்பு தெரியும்வரை அறுபட்டு இரத்தம் வழிந்தது. அவனோ ஏதும் அறியாதவனாய் நின்றான்! நோய் அவன் விரலைத் தின்னவில்லை, வலி தெரியாமையே அதனை அறுத்தது என்று பிராண்டுக்கு விளங்கியது.

1951இல் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் குணமானோர் தங்கித் தொழில் கற்கும் சிறு குடில்கள் எழுந்தன. அங்கே ஒவ்வொரு காயமும் எப்படி ஏற்பட்டது என்று அவரும் உடனிருந்தோரும் தேடிக் கண்டறிந்தனர். சூடான பாத்திரம், கரடுமுரடான கைப்பிடி, காலில் தைத்த முள் என்று காரணங்கள் ஒவ்வொன்றாய் வெளிப்பட்டன. சிலருடைய விரல் இரவோடு இரவாகக் குறைவது மட்டும் விளங்கவில்லை. விழித்திருந்து பார்த்தபோது எலிகள் கடிப்பது தெரிந்தது. அதன்பின் இரவுக் காவலுக்குப் பூனைகள் வந்தன.

பாதப் புண்ணுக்கு அவர் கண்ட மருந்து ஓய்வு. நமக்குக் காலில் சிறு கொப்புளம் வந்தாலும் நொண்டி நடக்கிறோம். வலி அவ்விடத்தை ஊன்ற விடாது. உணர்வற்ற காலோ புண்ணின் மீதே ஊன்றி நடக்கிறது. எனவே புண்ணைத் தூய்மை செய்து, பாதத்தோடு படியும்படி மாவுக்கட்டுப் போட்டுச் சில வாரங்கள் பிரிக்காமல் விட்டார். இம்முறையை அவருக்கு முன்பே இலங்கையிலும் இந்தியாவிலும் மருத்துவர் சிலர் கையாண்டிருந்தனர். அதை நெறிப்படுத்திப் பரப்பியவர் அவர். உடலின் பாரம் பாதம் முழுவதும் பரவவே, ஆறாப் புண் என்று கைவிடப்பட்டவையும் ஆறின.

காயம் காற்றில் உலர்ந்து பொருக்குத் தட்டினால்தான் ஆறும் என்பது நம் இல்லங்களில் இன்றும் நிலவும் எண்ணம். 1962இல் இலண்டனில் ஜார்ஜ் வின்டர் என்னும் அறிஞர் பன்றிகளின் தோலில் சிறு காயங்களை ஆராய்ந்து, ஈரம் காத்து மூடி வைத்தவற்றில் புதுத்தோல் ஏறத்தாழ இருமடங்கு விரைவில் பரவுவதைக் காட்டினார். பொருக்கு புதுத்தோலுக்குத் தடையாக நிற்கிறது. அளவான ஈரமோ வழி விடுகிறது. ஈரம் காக்கும் கட்டுகள் இன்று மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்டன. நம் முன்னோர் புண்ணுக்கு இட்ட தேனும் மீண்டும் இடம் பெற்றுள்ளது. தேனில் சர்க்கரை மிகுதி, நீர் குறைவு, புளிப்புத் தன்மையும் உண்டு. ஆகவே கிருமிகள் அதில் எளிதில் வளர்வதில்லை. ஆனால் மருத்துவர் இடுவது காமாக் கதிர்களால் தூய்மை செய்யப்பட்ட மருத்துவத் தேன். அடுக்களையில் உள்ள தேனில் கண்ணுக்குத் தெரியாத கிருமி வித்துகள் இருக்கக்கூடும். அதை ஆழ்ந்த புண்ணில் இடுதல் ஆகாது. எந்த மருந்தாயினும், ஊன்றி மிதிக்கும் புண்ணை அது தனியே ஆற்றிவிடாது. பிராண்டின் வாழ்வு புகட்டும் பாடம் இதுவே.

ஆறிய புண் மீண்டும் வராதிருக்க நல்ல செருப்பு வேண்டும். இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோலும் காலணியும் உலகெங்கும் அனுப்பும் வட்டாரம் நம்முடையது. நம் பெற்றோர் பலரின் உழைப்பும் அதில் உண்டு. அப்பகுதிக்கு நடுவே பிராண்ட் செருப்பை மருந்தாகவே கருதினார். பலவகைச் செருப்புகளைச் செய்து பார்த்து, இறுதியில் மெத்தென்ற நுண்துளை ரப்பரைத் தேர்ந்தார். இன்று மருத்துவமனைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்பது அதுவே. காலில் ஏறிவிடக்கூடும் என்பதால் அதில் ஆணி அடிப்பதில்லை. காட்பாடிக்கு அருகே கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் இப்பணி வளர்ந்தது.

ஒரு முறை நெடும் பயணம் செய்து இலண்டனில் இரவு தங்கியபோது, தம் குதிகாலில் உணர்வில்லை என்று கண்டு பிராண்ட் திடுக்கிட்டார். ஊசியால் குத்தியும் வலிக்கவில்லை. தமக்கும் அந்நோய் வந்துவிட்டது என்று எண்ணி இரவெல்லாம் உறங்காது வருந்தினார். காலையில் மீண்டும் குத்தினார், சுரீரென்று வலித்தது! பயணத்தில் நெடுநேரம் அசையாது அமர்ந்ததால் கால் மரத்திருந்தது, அவ்வளவே. அன்று முதல் வலிக்காக இறைவனுக்கு நன்றி கூறுவதை அவர் வழக்கமாக்கிக் கொண்டார்.

1960இல் லாஸ்கர் விருதும், 1961இல் பிரிட்டிஷ் அரசின் பட்டமும் அவரை நாடி வந்தன. 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். வேலூரில் கற்றதை அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பயன்படுத்தினார். சர்க்கரை நோயும் காலின் உணர்வை மழுங்கச் செய்வதன்றோ! பாதத்தோடு படியும் மாவுக்கட்டு இன்று உலகெங்கும் அந்நோயாளிகளின் கால்களைக் காத்து வருகிறது. 2003ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார்.

தொழுநோய் இன்று மாத்திரைகளால் முற்றிலும் குணமாகிறது. ஆனால் சர்க்கரை நோய் நம் வீடுகளில் பெருகி வருகிறது. மாணவிகளே, நம் இல்லங்களில் தாத்தா பாட்டியருக்கு அந்நோய் உண்டென்றால், நாள்தோறும் மாலையில் அவர்களுடைய பாதங்களைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கிலும் குதிகாலிலும் கண்ணூன்றிப் பார்ப்போம். வலிக்கவில்லை என்று அவர்கள் சொல்வதே நமக்கு எச்சரிக்கை. சிறு புண் கண்டாலும் கைமருந்து செய்து காலம் கடத்தாமல் அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். வெறுங்காலோடு நடக்க விடாதிருப்போம். ஒளிந்து நின்று அஞ்சிய கொல்லிமலைச் சிறுவன் ஆயிரமாயிரம் பாதங்களைத் தன் கையில் ஏந்தினான். நம் வீட்டிலுள்ள இரு பாதங்களை ஏந்த நமக்குக் கூச்சம் ஏன்? பெரிய வியாழனன்று ஆலயத்தில் காணும் அன்புப் பணியை, மற்ற நாள்களில் நம் வீட்டுத் திண்ணையில் செய்ய இறைவன் நமக்கு அருள்வாராக.