தெர்மாமீட்டருக்குக் கோடு போட்டவர்

1701-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந் தேதி. டான்சிக் என்ற துறைமுகப் பட்டினம். அங்கே ஒரு வியாபாரியின் வீட்டில் ஒரே நாளில் இரண்டு சாவு விழுந்தது. வியாபாரி இறந்தார். அவர் மனைவியும் இறந்தார். விஷக் காளானைத் தெரியாமல் தின்றதுதான் காரணம்.

ஐந்து பிள்ளைகள் அநாதை ஆனார்கள். மூத்த பையனுக்கு வயது 15. அவன் பெயர் டேனியல் காப்ரியல் பாரன்ஹீட்.

இந்தப் பெயரைக் கேள்விப்படாத வீட்டில்கூட இவர் புகுந்திருக்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் 102 டிகிரி என்று டாக்டர் சொல்கிறார் அல்லவா? அது இவர் போட்ட டிகிரி!

கைது உத்தரவு

டான்சிக் நகரம் இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது. க்டான்ஸ்க் என்று பெயர். பாரன்ஹீட் 1686-ம் ஆண்டு மே 24-ந் தேதி அங்கே பிறந்தார்.

பெற்றோர் இறந்ததும், பிள்ளைகளுக்குக் காப்பாளர்கள் ஏற்பட்டார்கள். மூத்தவனை ஹாலந்து நாட்டுக்கு அனுப்பினார்கள். ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு வியாபாரியிடம் வேலை பழக வேண்டும். வரவு செலவு எழுதப் பழக வேண்டும் என்பது ஏற்பாடு.

பாரன்ஹீட்டின் மனம் பேரேட்டில் ஒட்டவில்லை. ஆம்ஸ்டர்டாமில் கண்ணாடிக் கருவிகள் செய்யும் கைவினைஞர்கள் இருந்தார்கள். குழாய்க்குள் சாராயத்தை அடைத்து, அது ஏறி இறங்குவதைக் கொண்டு சூட்டைப் பார்க்கும் தெர்மாமீட்டர்களும் அங்கே செய்யப்பட்டன. அவற்றின் மேல் அவருக்கு ஆசை விழுந்தது. வியாபாரத்தை விட்டுவிட்டு ஊர் ஊராகத் திரியத் தொடங்கினார்.

காப்பாளர்களுக்குக் கோபம் வந்தது. அவரைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலைக்குக் கீழ்த்திசை நாடுகளுக்கு அனுப்பிவிட ஏற்பாடு செய்தார்கள். அந்தக் காலத்தில் நமது நாகப்பட்டினமும் பழவேற்காடும் அந்தக் கம்பெனியின் கையில்தான் இருந்தன. கப்பலில் ஏற்றப்பட்டிருந்தால் பாரன்ஹீட்டின் கதை எங்கோ ஒரு கிடங்கில் முடிந்திருக்கும்.

அவர் அகப்படவில்லை.

ஊருக்கு ஒரு கணக்கு

தெர்மாமீட்டரைப் பாரன்ஹீட் கண்டுபிடிக்கவில்லை. அவர் பிறப்பதற்கு முன்பே அது இருந்தது. ஆனால் அதை நம்ப முடியாது.

அதற்குக் கோடு போட்டவர்கள் ஆளுக்கு ஒரு விதமாகப் போட்டார்கள். கோடையில் மிகவும் சுட்ட நாளில் ஒரு கோடு, குளிர்காலத்தில் மிகவும் நடுங்கிய நாளில் ஒரு கோடு என்று போட்டவர்கள் உண்டு. இந்த ஆண்டுக் கோடையும் அடுத்த ஆண்டுக் கோடையும் ஒன்றா? ஒரு கருவி 40 என்று காட்டும் சூட்டை, அடுத்த கருவி 65 என்று காட்டும். இரண்டு ஊர்க்காரர்கள் கடிதம் எழுதி ஒப்பிட்டுப் பார்க்க வழியே இல்லை. ஊருக்கு ஒரு படி வைத்துக்கொண்டு நெல் அளந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

1708-ம் ஆண்டு பாரன்ஹீட் டென்மார்க் நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனுக்குப் போனார். அங்கே ஓலே ரோமர் என்ற வானசாஸ்திரி இருந்தார். ஒளி ஓடுவதற்கும் நேரம் பிடிக்கிறது என்று 1676-ம் ஆண்டில் கண்டு சொன்னவர் இவரே. அதோடு, நகரத்தின் போலீஸ் தலைவராகவும் இருந்தார். பிடிபடாமல் திரிந்தவர், போலீஸ் தலைவரையே தேடிக்கொண்டு போனார்!

ரோமர் சில தெர்மாமீட்டர்களைப் பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் வைத்தார். குழாயில் சாராயம் நின்ற இடத்தில் கோடு போட்டார். பிறகு அவற்றை உடம்புச் சூட்டு அளவில் இருந்த வெந்நீரில் வைத்தார். அங்கேயும் ஒரு கோடு போட்டார். இடையே உள்ள தூரத்தைச் சமமாகப் பங்கிட்டார்.

பாரன்ஹீட் இதைக் கூர்ந்து பார்த்தார். பனிக்கட்டி எந்த ஊரில் உருகினாலும் ஒரே சூட்டில்தான் உருகும். ஆகவே யார் கோடு போட்டாலும் ஒரே இடத்தில்தான் விழும். அவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் வேலை கிடைத்துவிட்டது.

மூன்று கோடுகள்

ரோமரின் அளவில் பனிக்கட்டிக்கு ஏழரை. உடம்புச் சூட்டுக்கு இருபத்திரண்டரை. இந்த அரைகள் பாரன்ஹீட்டுக்குப் பிடிக்கவில்லை. நான்கால் பெருக்கினார். பிறகு சிறிது மாற்றி, மூன்று கோடுகளை முடிவு செய்தார்.

பனிக்கட்டி, தண்ணீர், நவச்சாரம் மூன்றையும் கலந்தால் கடுங்குளிர் உண்டாகும். (பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் உபயோகிக்கிறாரே, அதே நவச்சாரம்தான். கடல் உப்பையும் அவர் சொல்லியிருக்கிறார்.) அங்கே 0. வெறும் பனிக்கட்டியும் தண்ணீரும் சேர்ந்த இடத்தில் 32. நோய் இல்லாத மனிதனின் வாயில் அல்லது அக்குளில் வைத்தால் 96.

32-க்கும் 96-க்கும் இடையே 64. அதைப் பாதி, பாதியில் பாதி என்று ஆறு தடவை பிரித்தால் ஒன்று வந்துவிடும். கோடு போடுகிறவனுக்கு இதைவிட வசதி வேண்டாம்.

இரட்டைப் பிள்ளைகள்

1714-ம் ஆண்டு. பாரன்ஹீட்டுக்கு 28 வயது. ஜெர்மனியில் ஹாலே நகரில் கிறிஸ்டியன் உல்ப் என்ற பேராசிரியர் இருந்தார். அவரிடம் பாரன்ஹீட் இரண்டு தெர்மாமீட்டர்களைக் கொடுத்தார்.

இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. சூட்டை ஏற்றினாலும் இறக்கினாலும் இரண்டும் சேர்ந்தே போயின.

இன்று இதில் அதிசயம் இல்லை. அன்று உல்ப் வியந்து போனார். உள்ளே இருக்கும் சாராயத்தில் ஏதோ விசேஷம் இருக்கவேண்டும் என்று நினைத்தார். இந்த அதிசயத்தைப் பற்றி அறிஞர்கள் படிக்கும் பத்திரிகையில் எழுதினார். விசேஷம் சாராயத்தில் இல்லை; கோடு போட்ட முறையில் இருந்தது. பாரன்ஹீட் அதை வெளியே சொல்லவில்லை. கருவி விற்றுப் பிழைக்கிறவர் தொழில் ரகசியத்தைச் சொல்வாரா?

பிறகு சாராயத்தை விட்டுப் பாதரசத்துக்கு மாறினார். சாராயம் சீக்கிரம் கொதித்துவிடும். பாதரசம் அதிகச் சூட்டையும் தாங்கும். ஆனால் அழுக்குப் பாதரசம் குழாயில் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்யும் வழியைப் பாரன்ஹீட் கண்டார். கண்ணாடியை ஊதிக் குழாய் செய்யும் வேலையையும் தம் கையாலேயே செய்தார். 1717-ம் ஆண்டு வாக்கில் ஹாலந்து நாட்டிலேயே தங்கிவிட்டார். கருவிகள் செய்து விற்றார். ரசாயனப் பாடம் நடத்தியும் கொஞ்சம் சம்பாதித்தார்.

படியில் தடுக்கிய கால்

1721-ம் ஆண்டு அவர் மழைத்தண்ணீரைக் கண்ணாடிக் குமிழியில் அடைத்து, இரவு குளிரில் வைத்தார். காலையில் பார்த்தால் தண்ணீர் உறையவில்லை! பனிக்கட்டி ஆகவேண்டிய சூட்டுக்கும் கீழே போயும் தண்ணீராகவே இருந்தது. குமிழியின் முனையை உடைத்ததும் பனிக்கட்டி பாய்ந்து நிறைந்தது. இன்னொரு தடவை குமிழியோடு போகும்போது படியில் கால் தடுக்கியது. அந்த அதிர்ச்சியிலேயே தண்ணீர் உறைந்துவிட்டது.

அளவு போடுகிறவருக்கு இது பெரிய செய்தி. தண்ணீர் உறையும் வேளையை நம்பிக் கோடு போட்டால் ஏமாந்து போகலாம். பனிக்கட்டியும் தண்ணீரும் சேர்ந்து இருக்கும்போதுதான் போடவேண்டும்.

தண்ணீர் கொதிக்கும் சூடு காற்றின் அழுத்தத்தைப் பொறுத்து மாறும் என்பதையும் அவர் காட்டினார். ஊட்டியில் சாதாரணப் பானையில் பருப்பு வேகத் தாமதம் ஆகிறதே, அதற்கு இதுவே காரணம். அங்கே காற்றின் அழுத்தம் குறைவு. ஆகவே தண்ணீர் சூடு குறைவாக இருக்கும்போதே கொதித்துவிடும்.

1724-ம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டில் அதன் பத்திரிகையில் ஐந்து சிறு கட்டுரைகள் எழுதினார். கோடு போடும் முறையை அப்போதுதான் வெளியிட்டார். பத்து ஆண்டுகள் மூடி வைத்தது அதிகம்தான். ஆனாலும் கடைசியில் வெளியிட்டாரே!

அவருக்கும் ஒரு முடிச்சு அவிழவில்லை. லெய்டன் நகரில் போர்ஹாவே என்ற பெயர் பெற்ற மருத்துவர் இருந்தார். அவருக்குப் பாரன்ஹீட் இரண்டு தெர்மாமீட்டர்கள் செய்து கொடுத்தார். ஒன்றில் சாராயம், மற்றொன்றில் பாதரசம். இரண்டும் சரியாக ஒத்துப்போகவில்லை. கண்ணாடி வேறு வேறு ரகம் என்பதால் வந்த கோளாறு என்று பாரன்ஹீட் நினைத்தார். உண்மை அது அல்ல. சாராயமும் பாதரசமும் ஒரே சீராக விரிவதில்லை. இரண்டு கோட்டில் ஒத்துப்போனாலும் நடுவில் விலகும்.

ஏழையின் சாவு

பாரன்ஹீட் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கருவிகள் புகழைக் கொடுத்தன, பணத்தைக் கொடுக்கவில்லை. 1736-ம் ஆண்டு, பள்ளமான நிலத்தில் தேங்கும் தண்ணீரை இறைக்க ஒரு யந்திரம் அமைத்து, அதற்கு உரிமை வாங்க ஹேக் நகரத்துக்குப் போனார். போன இடத்தில் நோயில் படுத்தார். செப்டம்பர் 16-ந் தேதி காலமானார். வயது 50. வசதி இல்லாதவர்களுக்கு நடத்தும் எளிய முறையில் அவரை அடக்கம் செய்தார்கள்.

அவர் இறந்த பிறகு, கொதிக்கும் தண்ணீருக்கு 212 என்று முடிவு செய்து, 32-யும் 212-யும் ஆதாரமாக வைத்துக்கொண்டார்கள். அதனால் உடம்புச் சூடு 96-ல் இருந்து 98-க்கு மேலே நகர்ந்துவிட்டது. பழைய பாதரசத் தெர்மாமீட்டரில் 98.4-ல் அம்புக்குறி இருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

இன்று ஆராய்ச்சிச் சாலைகள் பலவற்றில் இந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. சரியானது என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு கருவியையும், சோதிக்கவேண்டிய கருவியையும் திரவத் தொட்டியில் இறக்குகிறார்கள். கம்ப்யூட்டர் தொட்டியின் சூட்டைப் படிப்படியாக ஏற்றுகிறது. ஒவ்வொரு படியிலும் சூடு அசையாமல் நிற்கும்வரை காத்திருக்கிறது. இரண்டும் காட்டும் எண்ணைப் பதிந்து, எத்தனை பிசகு என்று அட்டவணை போட்டுத் தருகிறது. ஆள் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை.

சரியான கருவி என்றோமே, அதைச் சோதிக்க இன்றும் தண்ணீர்தான். மூடிய கண்ணாடிக் குழாயில் பனிக்கட்டி, தண்ணீர், நீராவி மூன்றும் சேர்ந்து இருக்கும் நிலையில் கருவியை வைத்துப் பார்க்கிறார்கள். இந்தியாவுக்கான சூட்டு அளவுகளை டில்லியில் உள்ள தேசியப் பௌதிக ஆராய்ச்சிச் சாலை பராமரித்து வருகிறது.