மண் தட்டைச் சுட்ட மகாராஜா! 5 ஒலிம்பிக்ஸ் போன கர்ணி சிங் யார்? ட்ராப் போட்டிக்கு எந்தத் துப்பாக்கி சரி?

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ட்ராப் போட்டியில் களமிறங்கியவர் நம்ம புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான். 2023-ல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ட்ராப் ஆண்கள் அணிப் பிரிவில் தங்கம் வென்ற மூவரில் இவரும் ஒருவர்.

டிவியில் இந்தப் போட்டியைப் பார்க்கும்போது ரெண்டு கேள்வி வரும். ஒண்ணு, இந்த விளையாட்டில் மட்டும் ஏன் இத்தனை ராஜ வம்சத்துப் பெயர்கள்? இன்னொண்ணு, அந்த இரட்டைக்குழல் துப்பாக்கி தான் வேணுமா, விலை குறைஞ்ச செமி ஆட்டோமேட்டிக் போதாதா?

ரெண்டுக்கும் பதில் தேடினால் ராஜஸ்தானில் ஒரு மனிதரிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அவர் பிகானேரின் கடைசி மகாராஜா, டாக்டர் கர்ணி சிங்.

வேட்டைக் குடும்பத்துப் பிள்ளை

1924 ஏப்ரல் 21-ல் பிறந்தவர் கர்ணி சிங். தாத்தா கங்கா சிங், முதல் உலகப்போர் முடிந்து கையெழுத்தான வெர்சாய் ஒப்பந்தத்தில் இந்தியா சார்பில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். பாலைவனத்துக்குக் கால்வாய் கொண்டு வந்தவரும் அவரே. பிகானேர் பக்கத்தில் கஜ்னேர் ஏரிக்கரையில் தாத்தா நடத்திய கல்கௌதாரி வேட்டை அந்தக் காலத்தில் ரொம்பப் பிரபலம். வைஸ்ராய்களே விருந்தாளியாக வந்து சுட்டுவிட்டுப் போவார்கள். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத் துப்பாக்கி புதுசா என்ன!

ஆனால் இவர் கைக்கு மகுடம் வந்தபோது ராஜ்ஜியம் இல்லை. பிகானேர் இந்தியாவோடு இணைந்த பிறகு, 1950-ல் அப்பா சாதுல் சிங் இறந்தார். கர்ணி சிங்குக்குக் கிடைத்தது பட்டம் மட்டும் தான். 1952-ல் முதல் பொதுத்தேர்தலிலேயே சுயேச்சையாக நின்று ஜெயித்தார். 1977 வரை, தொடர்ந்து 25 ஆண்டுகள் பிகானேரின் எம்.பி. அவர் தான். இடையில் 1964-ல் பம்பாய் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. வேறு முடித்தார். பெயருக்கு முன்னால் இருக்கும் 'டாக்டர்' கௌரவப் பட்டம் இல்லை, படிச்சு வாங்கியது.

பறவைக்குப் பதில் மண் தட்டு

ட்ராப் என்றால் என்ன? ஒரு காலத்தில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுடுவார்கள். 1900 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் கூட அப்படி ஒரு போட்டி நடந்தது. பிறகு அந்த இடத்தைப் பிடித்தது தட்டு. 'க்ளே', அதாவது களிமண் என்று பெயரே தவிர, இப்போது அது தாரும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்து செய்வது. குறுக்களவு 11 சென்டிமீட்டர், எடை சுமார் 105 கிராம். ஒரு இட்லி சைஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், எந்தப் பக்கம் என்று சொல்லாமல் சீறிக் கிளம்பும். ஒரு தட்டுக்கு அதிகபட்சம் ரெண்டு தோட்டா. அதற்குள் உடைச்சாகணும்.

கர்ணி சிங் 1960-ல் ரோம் ஒலிம்பிக்ஸுக்குப் போனார். 8-ம் இடம். அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது. அந்த விருதை முதன்முதலில் கொடுக்கத் தொடங்கியது 1961-ல் தான். துப்பாக்கி சுடுதலுக்கு முதல் அர்ஜுனா இவருடையது.

தவறிய தங்கம்

1962-ல் கெய்ரோவில் உலக சாம்பியன்ஷிப். இவர் வாழ்க்கையின் பெரிய நாள் இது தான். போட்டி முடிந்தபோது முதல் இடத்துக்குச் சமமான புள்ளிகள். டை! சமநிலையை உடைக்கும் சுற்றில் தங்கம் கைநழுவி, வெள்ளி வந்தது. உலக சாம்பியன் பட்டத்துக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது கொஞ்சமே கொஞ்சம். ட்ராப் பிரிவில் ஒரு இந்தியர் உலக சாம்பியன் ஆக அதற்குப் பிறகு 44 ஆண்டுகள் ஆனது. 2006-ல் மானவ்ஜித் சிங் சந்து அதைச் செய்தார்.

கர்ணி சிங் அதோடு நிற்கவில்லை. 1964 டோக்கியோ, 1968 மெக்ஸிகோ, 1972 மியூனிக், 1980 மாஸ்கோ. மொத்தம் 5 ஒலிம்பிக்ஸ். அத்தனை ஒலிம்பிக்ஸில் ஆடிய முதல் இந்தியர் இவர் தான். மாஸ்கோ போனபோது வயது 56. நடுவில் 1971 சியோல் ஆசிய சாம்பியன்ஷிப்பில் தங்கம், 1974 டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெள்ளி. மகள் ராஜ்யஸ்ரீயும் துப்பாக்கி சுடுதலில் அர்ஜுனா விருது வாங்கியவர்.

1971 டிசம்பரில் மன்னர் மானியம் ரத்தானது. அடுத்த ஆண்டே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டைக்கும் கடிவாளம் போட்டது. அரண்மனைத் துப்பாக்கிகளுக்குச் சட்டப்படி மிச்சம் இருந்த பெரிய வேலை இந்த மண் தட்டு தான்.

சரி, எந்தத் துப்பாக்கி?

சர்வதேச விதிப்படி ட்ராப்பில் செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் தடையில்லை. 12 போருக்கு மேல் கூடாது, பம்ப் ஆக்‌ஷன் கூடாது, அவ்வளவு தான். செமி ஆட்டோமேட்டிக் என்றால் அதன் தோட்டாக் குழாயில் ஒன்றுக்கு மேல் போகாதபடி அடைத்திருக்க வேண்டும். ஆனாலும் பெரிய போட்டிகளில் கிட்டத்தட்ட எல்லார் கையிலும் இருப்பது ஒரு குழல் மேல், ஒரு குழல் கீழ் என்று அமைந்த 'ஓவர்-அண்டர்' தான்.

காரணம் இருக்கிறது. தட்டு ஓட ஓடத் தூரம் கூடும். முதல் குண்டுக்கு ரவை கொஞ்சம் பரவலாகவும், ரெண்டாவது குண்டுக்கு நெருக்கமாகவும் போனால் நல்லது. ரெண்டு குழல் இருந்தால் ரெண்டு முனையையும் வெவ்வேறு குறுக்கத்தில் வைக்கலாம். செமி ஆட்டோமேட்டிக்கில் ஒரே குழல், ஒரே குறுக்கம். சுட்ட தோட்டாவின் கூடு பக்கவாட்டில் தெறித்து அடுத்தவர் மேல் விழும். ஓவர்-அண்டரை மடக்கித் திறந்தாலே காலி என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

செமி ஆட்டோமேட்டிக்கின் பலம் விலையும் தோளும். நல்ல போட்டித் தர ஓவர்-அண்டர் பல லட்சம். அதில் ஒரு சின்னப் பங்கு விலைக்குச் செமி ஆட்டோமேட்டிக் கிடைக்கும் நாடுகள் உண்டு. தோட்டாவின் வாயுவைக் கொண்டு இயங்கும் வகையில் தோளில் உதை குறைவு. ஆனால் கரி படியும், அடிக்கடி கழற்றித் துடைக்கணும். வெளிநாட்டில் புதுசாகப் பழகுபவர்கள் பலர் இதில் ஆரம்பிப்பது இதனால் தான். வேடிக்கை என்னவென்றால், முதல் வெற்றிகரமான செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன், ஓவர்-அண்டரைப் பரவலாக்கிய புகழ்பெற்ற மாடல், ரெண்டையும் வடிவமைத்தது ஒரே ஆள். அமெரிக்காவின் ஜான் பிரவுனிங்.

இந்தியாவில் கதை வேறு. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் எதையும் தொட முடியாது. செமி ஆட்டோமேட்டிக்குக் கட்டுப்பாடு இன்னும் கூடுதல். வெளிநாட்டுத் துப்பாக்கியை நினைத்தபடி இறக்குமதி செய்யவும் முடியாது. போட்டிகளில் சுட்டுத் தகுதி பெற்ற வீரர்களுக்குத் தான் அந்தச் சலுகை.

உண்மையில் பர்ஸைக் காலி செய்வது துப்பாக்கி இல்லை, தோட்டா. ஒரு தகுதிச் சுற்றுக்கே 125 தட்டு, அதற்கு 250 தோட்டா வரை போகலாம். பயிற்சிக் கணக்கு தனி. சுட்டது எதுவும் திரும்பி வராது. இடமும் பிரச்சினை. ரவை ஏறக்குறைய 200 மீட்டர் வரை போய் விழும். தி.நகர் பனகல் பூங்காவை முழுசாகக் காலி செய்து கொடுத்தாலும் பத்தாது. நிலமும் பணமும் வைத்திருந்த குடும்பங்களின் பெயர்கள் இந்த விளையாட்டில் அதிகம் தென்படுவது இதனால் தான்.

கர்ணி சிங் 1988-ல் நியூயார்க்கில் காலமானார். 1982 ஆசிய விளையாட்டுக்காக டெல்லி துக்ளகாபாத்தில் கட்டிய ரேஞ்ச் இன்று அவர் பெயரில் இருக்கிறது. அரண்மனை இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் தேசியத் தேர்வுச் சுற்றுக்கு வந்து சுட்டுவிட்டுப் போகும் இடம் அது.