தீரன் சின்னமலையும் சங்ககிரி தரும் பாடமும்

கல்விப் பணிக்கென்று தோன்றிய சங்கத்தின் வெள்ளி விழா மலரில் வாளேந்திப் போரிட்ட ஒருவரின் வரலாறு எதற்கு என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. நம் சேர்வராயன் மலையடிவாரத்துச் சேலத்திலிருந்து ஈரோடு செல்லும் வழியில் நிற்கிறது சங்ககிரிக் கோட்டை. 1805-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 31-ஆம் நாள் அங்கே தூக்கிலேற்றப்பட்டவர் தீரன் சின்னமலை. அவர் பெயரை அறியாதார் நம்மில் இல்லை. ஆனால் அவருடன் நின்று உயிர் நீத்தோர் எத்தனை பேரை நாம் அறிவோம்? இவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756-ஆம் ஆண்டு சின்னமலை பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தீர்த்தகிரி. இளமையிலேயே சிலம்பம், வாள், வில் முதலிய பயிற்சிகளில் தேர்ந்து, ஊர் இளைஞரையும் பயிற்றுவித்தார். அக்காலத்தில் கொங்கு நாடு மைசூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. மக்களிடம் வரி தண்டி, அதனைச் சங்ககிரிக்குக் கொண்டு சென்ற அலுவலரைத் தீர்த்தகிரி வழிமறித்து, பணத்தைப் பறித்து ஏழைகளுக்கு வழங்கினார் என்பது நாட்டு வழக்கு. பறித்தவர் யாரென்று மேலிடத்தில் கேட்டால், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே உள்ள சின்னமலை பறித்ததாகச் சொல்லுமாறு அவர் கூறியனுப்பினாராம். அன்று முதல் அப்பெயரே நிலைத்தது.

மைசூரை எதிர்த்துப் புகழ் பெற்றவரே பின்னர் மைசூரின் துணைவரானார். இதனை முரண்பாடாக நாம் கருதுதல் கூடாது. கிழக்கிந்தியக் கம்பெனியே பெரும்பகை என்பதை அவர் உணர்ந்தார். 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் சேலமும் பாரமகாலும் கம்பெனியின் கைக்குச் சென்றன. நம் மலைநாடும் அவற்றோடு சென்றது. திப்பு சுல்தானின் படையில் சின்னமலை தம் கொங்குப் படையுடன் நின்று போரிட்டார். 1799-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்புவும் மாண்டபின், கொங்கு நாடு முழுவதும் கம்பெனியின் ஆட்சிக்கு உள்ளாயிற்று.

சின்னமலை அடங்கவில்லை. அறச்சலூரை அடுத்த ஓடாநிலையில் கோட்டை அமைத்தார், படைக்கலம் சேர்த்தார், பிற பாளையங்களின் தலைவர்களோடு தொடர்பு கொண்டார். 1799-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். இவ்வாறு ஒவ்வொரு விளக்காக அணைந்த காலத்திலும் கொங்கில் மட்டும் போர்த் தீ எரிந்துகொண்டிருந்தது. 1801-இல் காவிரிக்கரையிலும், 1802-இல் ஓடாநிலையிலும், 1804-இல் அறச்சலூரிலும் நிகழ்ந்த போர்கள் கொங்கு மக்கள் நினைவில் இன்றும் நிற்பவை.

இப்போர்களைத் தனியொருவர் நடத்தியிருக்க இயலாது. பல குலத்தாரும் அப்படையில் இருந்தனர். அவருள் தலையாய ஒருவர் பொல்லான். நல்லமங்காபாளையத்தைச் சேர்ந்த அருந்ததியர்; சின்னமலையின் நம்பிக்கைக்குரிய தளபதி; ஒற்றுப் பணியில் வல்லவர். தோல் தொழில் அறிந்தவராதலின், செருப்பின் தோலுக்குள் செய்தியை மறைத்துத் தைத்து, பகைவரின் திட்டங்களைத் தம் தலைவருக்கு எட்டச் செய்தார் என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். ஊரார் இழிவென ஒதுக்கிய தொழிலே நாட்டுக்குக் காவலாயிற்று என்பதை எண்ணிப் பாருங்கள். உண்மை வெளிப்பட்டபோது கம்பெனிப் படையினர் அவரைச் சுட்டுக் கொன்றனர்.

நேர்நின்று வெல்ல முடியாதவரைக் கம்பெனி வஞ்சனையால் வென்றது. ஓடாநிலையை விட்டுப் பழனி மலைப்பகுதியில் மறைந்து வாழ்ந்த சின்னமலை, தம் சமையற்காரரால் காட்டிக் கொடுக்கப்பட்டார் என்பர். அவரும், அவர் தம்பியரும், படைத்தலைவர் கருப்ப சேர்வையும் சங்ககிரிக்குக் கொண்டு செல்லப்பட்டு உயிர் பறிக்கப்பட்டனர். கொங்கில் கம்பெனியை எதிர்க்க வல்லார் அதன்பின் இல்லை. அச்சம் நீங்கிய வெள்ளையர் நிலத்தையும் மலையையும் தமதாக்கினர். 1820-களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். தோட்டங்கள் பெருகின; நம் மக்கள் கூலிகளாயினர். சங்ககிரியின் தூக்குமரத்துக்கும் ஏற்காட்டின் காப்பிச் செடிக்கும் இடையே ஒரு தொடர்பு உண்டு என்பதை மறத்தலாகாது.

இனி, கடல் கடந்த ஒரு நாட்டையும் நோக்குவோம். அறச்சலூரில் போர் நடந்த அதே 1804-ஆம் ஆண்டில், ஐரோப்பாவின் தென்கிழக்கே செர்பியா நாட்டு உழவர்கள் துருக்கிய உதுமானியப் பேரரசின் படையினர் இழைத்த கொடுமைக்கு எதிராக எழுந்தனர். ஒராசாட்சு என்னும் சிற்றூரில் கூடி, பன்றி வணிகரான கரஜார்ஜே என்பவரைத் தலைவராகத் தேர்ந்தனர். கருப்பு ஜார்ஜ் என்பது அப்பெயரின் பொருள். அவர் பெல்கிரேடு நகரைக் கைப்பற்றினார். 1813-இல் தோற்று நாட்டை விட்டு ஓடினார். 1815-இல் இரண்டாம் எழுச்சியை நடத்தியவர் மிலோசு ஒபிரனோவிச்சு. 1817-இல் மறைவாக நாடு திரும்பிய கரஜார்ஜே, அந்த மிலோசின் ஆட்களாலேயே கொல்லப்பட்டார். அவர் தலை சுல்தானுக்கு அனுப்பப்பட்டது. காட்டிக் கொடுக்கும் வஞ்சனை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. கரஜார்ஜேயும் மிலோசும் எழுத்தறியாதவர்கள். ஆயினும், போர் ஓயாத 1808-ஆம் ஆண்டிலேயே பெல்கிரேடில் உயர்பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. அறிஞர் தோசிதே ஒபிரதோவிச்சு அதனை முன்னின்று நிறுவினார். அங்குப் பயின்ற ஊக் கரஜிச்சு என்னும் இளைஞர் பிற்காலத்தில் ஊர்ஊராகச் சென்று, மக்கள் பாடிய வீரப் பாடல்களைத் திரட்டி அச்சேற்றினார். எழுத்தறியாத உழவர்களின் போர் உலக வரலாற்றில் இடம் பெற்றது. அந்நாடும் 1830-இல் தன்னாட்சி பெற்றது.

நம் பொல்லானுக்கோ அத்தகைய எழுத்தாளர் வாய்க்கவில்லை. அவர் குலத்தார்க்குப் பள்ளியின் வாயில் அடைக்கப்பட்டிருந்தது. தலைவரின் வரலாறு ஏட்டில் ஏறியது. தளபதியின் வரலாறோ நெடுங்காலம் வாய்மொழியில் மட்டுமே வாழ்ந்தது. சின்னமலைக்குச் சென்னைக் கிண்டியில் சிலை உண்டு. 2005-ஆம் ஆண்டில் அஞ்சல்தலை வெளியாயிற்று. ஆடிப் பதினெட்டில் ஓடாநிலையில் விழா நடைபெறுகிறது. இவையனைத்தும் அவருக்கு உரியனவே. அவற்றில் நாமும் மகிழ்கிறோம். பொல்லானுக்கு ஆடி முதல் நாள் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுவதும் நம் மக்கள் விடாது குரல் எழுப்பியதன் பயனே. அவர் பெயரை விட்டுவிட்டுச் சின்னமலையின் வரலாற்றைச் சொல்வது அத்தலைவரின் பெருமையையும் குறைப்பதாகும். குலம் பாராது நம்பிக்கை வைத்தமையே அவர் பெருமைகளுள் ஒன்றன்றோ?

அன்பார்ந்த இளைஞர்களே! சங்ககிரி தரும் பாடம் இதுவே: உயிரைக் கொடுத்தவர் பெயர் தானாக நிலைப்பதில்லை, எழுதுவார் இருந்தால்தான் நிலைக்கும். நம் சங்கம் இக்கால் நூற்றாண்டில் ஊட்டிய எழுத்தறிவு உத்தியோகத்துக்கு மட்டும் உரியதன்று. மலையூர்களிலும் தோட்டக் குடியிருப்புகளிலும் முதியோர் நினைவில் எஞ்சியுள்ள செய்திகளை இன்றே கேட்டு எழுதுங்கள். சங்ககிரிக் கோட்டைக்கு ஒருமுறையேனும் சென்று வாருங்கள். அங்கே சின்னமலையின் பெயரைச் சொல்லும்போது பொல்லானின் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள். அன்று செருப்பின் தோலுக்குள் மறைந்து சென்ற எழுத்து, இன்று நம் பிள்ளைகளின் கையில் வெளிப்படையாகத் திகழட்டும்.