மஞ்சள் ரோஜாவின் பெயர் ஜானகி அம்மாள்

நம் சிம்மக்கல்லில் மண் தரை குறைந்துவிட்டாலும், மொட்டைமாடித் தொட்டிகளில் ரோஜா வளர்ப்பவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு மஞ்சள் ரோஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை உருவாக்கியவர்கள் கொடைக்கானலைச் சேர்ந்த ரோஜா வல்லுநர்களான வீரராகவன், கிரிஜா தம்பதியர். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஈ.கே. ஜானகி அம்மாள்.

யார் இந்த அம்மையார்?

1897-ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலச்சேரியில் பிறந்தவர். தந்தை நீதித்துறை அதிகாரி. செடி கொடிகளில் ஆர்வம் உள்ளவர். ஜானகி சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தது. அவரோ உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1931-இல் அங்கே டாக்டர் பட்டம் பெற்றார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

1934 முதல் கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணி. கரும்பை மக்காச்சோளத்தோடும் காட்டுப் புல் இனங்களோடும் சேர்த்துக் கலப்பினங்கள் உருவாக்கினார். தனியாக வாழும் பெண் என்பதாலும் சாதியாலும் அவருக்கு அங்கே சங்கடங்கள் இருந்தன. 1939-இல் மாநாட்டுக்காக எடின்பரோ சென்றபோது உலகப் போர் மூண்டது. இங்கிலாந்திலேயே தங்கி, குண்டு விழும் நாட்களிலும் ஆய்வைத் தொடர்ந்தார். மனிதர் பயிரிடும் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து, டார்லிங்டன் என்ற அறிஞருடன் சேர்ந்து 1945-இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார்.

பிறகு லண்டனுக்கு அருகே விஸ்லி தோட்டத்தில் வேலை. அங்கே மக்னோலியா நாற்றுகளில் கால்ச்சிசின் என்ற மருந்தைப் பயன்படுத்திக் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். அந்த வகையில் ஒரு வெள்ளை மக்னோலியாவுக்கும் அவர் பெயர்தான்.

1951-இல் நேருவின் அழைப்பை ஏற்று நாடு திரும்பினார். இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1977-இல் பத்மஸ்ரீ. ஓய்வுக்குப் பின்னும் சென்னை மதுரவாயலில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலேயே தங்கி வேலை பார்த்தார்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இனிமேல்தான். பாலக்காடு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கில் மின்சாரத்துக்காக அணை கட்டத் திட்டமிட்டார்கள். காடு மூழ்கிவிடும் என்று எதிர்த்தவர்களில் 80 வயதான ஜானகி அம்மாளும் ஒருவர். வெறுமனே எதிர்க்கவில்லை. அந்தக் காட்டில் என்னென்ன செடிகள் உள்ளன என்று ஆராய்ந்து கணக்கெடுக்க முனைந்தார். திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. அதே ஆண்டு பிப்ரவரி 7 அன்று, 86-ஆம் வயதில் காலமானார்.

எனவே ஒரு வேண்டுகோள். நம் தெருவில் ஒரு மரத்தை வெட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால், அது என்ன மரம், எத்தனை வருடமாக நிற்கிறது, அதை நம்பி எந்தெந்தப் பறவைகள் இருக்கின்றன என்று முதலில் விசாரியுங்கள். சங்கக் கூட்டத்தில் அந்த விவரத்தைச் சொல்லுங்கள். பிறகு முடிவு செய்வோம்.